பொருந்தாத கிரவுனிலிருந்து தொடங்குங்கள்: பல் மருத்துவ மாணவர்களுக்குக் கேட்-கேம் கற்பிக்க ஒரு வழி

பல்லை ஸ்கேன் செய்து, கணினியில் வடிவமைத்து, இயந்திரத்தில் கிரவுனை, அதாவது பல்லுக்கு மேல் மாட்டும் உறையை, உருவாக்குவதுதான் கேட்-கேம். கல்லூரிக்கு அதற்கான புதிய ஸ்கேனர் வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். விற்பனைப் பிரதிநிதி ஒருவர் அரைநாள் வருவார். பையிலிருந்து ஒரு டைப்போடான்டை, அதாவது பயிற்சிக்கான பிளாஸ்டிக் பல்வரிசையை, எடுப்பார். அதில் முன்கடைவாய்ப் பல் ஒன்று கிரவுன் பொருத்துவதற்காகக் கச்சிதமாகச் சீவப்பட்டிருக்கும். எச்சில் கிடையாது, இரத்தம் கிடையாது, குறுக்கே வரும் நாக்கும் கிடையாது. சில நிமிடங்களில் ஸ்கேன் முடிந்து திரையில் ஒரு கிரவுன் சுழலும். மாணவர்கள் கைதட்டுவார்கள். அடுத்த வாரம் நாமும் அதையே பாடமாக நடத்துவோம்: இந்தப் பொத்தான், பிறகு அந்தப் பொத்தான். மென்பொருளின் அடுத்த பதிப்பில் பொத்தான்கள் இடம் மாறும்போது, நடத்திய பாடமும் அதோடு போய்விடும்.

செயற்கைப் பற்களுக்கான ப்ராஸ்தோடான்டிக்ஸ் துறையில் இளநிலை மாணவர்களுக்கும் சி.ஆர்.ஐ. எனப்படும் பயிற்சி மருத்துவர்களுக்கும் இதைக் கற்பிக்கிறவள் என்ற முறையில் நான் சொல்வது: வரிசையைத் தலைகீழாக்குங்கள். ஸ்கேன், வடிவமைப்பு, மில்லிங், பொருத்துதல் என்று போகாமல், பொருந்தாத ஒரு கிரவுனை மாணவரின் கையில் கொடுத்து, அது எங்கே கெட்டது என்று பின்னோக்கித் தேடவிடுங்கள். கணினியைத் திறக்க அவசரமே இல்லை.

முதல் வகுப்புக்கு மூன்று கிரவுன்கள்

பருவம் தொடங்குவதற்கு முன்பே இவற்றைத் தயார்செய்து வைக்க வேண்டும். மூன்று டைப்போடான்ட் பற்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது மேல் முன்வெட்டுப் பல். அதன் கடிக்கும் விளிம்பைக் கத்திமுனையாகும் வரை மெல்லியதாகச் சீவுங்கள். இரண்டாவது ஒரு கடைவாய்ப் பல். சீவும் வெட்டுமுனையான சேம்ஃபர் பர்ரை அளவுக்கு மீறி ஆழமாக ஓட்டினால் மார்ஜினின், அதாவது சீவல் முடியும் ஓரத்தின், வெளிப்புறத்தில் மெல்லிய உதடு ஒன்று நின்றுவிடும். வேண்டுமென்றே அதை நிற்கவிடுங்கள். மூன்றாவது பல்லை எந்தக் குறையும் இல்லாமல் சீவுங்கள். ஆனால் ஸ்கேன் செய்யும்போது பின்பக்க மார்ஜின்மேல் ஒரு துளி தண்ணீர் விட்டுவிடுங்கள்.

மூன்றுக்கும் வழக்கமான அளவுகளிலேயே கிரவுன் வடிவமைத்து, பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக் வட்டில் மில் செய்யச் (இயந்திரத்தில் வெட்டச்) சொல்லுங்கள். கல்லூரியில் மில்லிங் மெஷின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்து ஊர் லேப் ஒன்றுக்குக் கோப்பை அனுப்பினால் செய்து தருவார்கள். பிஎம்எம்ஏ மலிவு, சீக்கிரம் வெட்டப்படும், உடைந்தாலும் மனம் நோகாது.

வகுப்பில் நான்கைந்து பேருக்கு ஒரு குழுவாக இந்தக் கிரவுன்களையும் பற்களையும் கொடுங்கள். பொருத்திப் பார்த்து, கூர்முனைக் கருவியான எக்ஸ்ப்ளோரரை மார்ஜினைச் சுற்றி ஓட்டச் சொல்லுங்கள். பிறகு அளவெடுக்கப் பயன்படும் நீர்த்த லைட் பாடி சிலிக்கானைக் கொஞ்சம் கிரவுனுக்குள் விட்டு, பல்மேல் அழுத்தி, இறுகியதும் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே படிந்திருக்கும் படலத்தைப் பார்த்தால் கதை முழுவதும் தெரிந்துவிடும். படலம் கிழிந்து பிளாஸ்டிக் தெரியும் இடத்தில் கிரவுன் பல்லைத் தொடுகிறது. தடித்திருக்கும் இடத்தில் இடைவெளி அதிகம்.

முன்வெட்டுப் பல்லின் கிரவுனில் விளிம்புப் பக்கம் மட்டும் படலம் தடித்திருக்கும். காரணத்தை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். யாரும் சொல்லாவிட்டால் கிரவுனை வெட்டும் மில்லிங் மெஷினின் பர் ஒன்றை எடுத்து மேசைமேல் வையுங்கள். அதன் விட்டம் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பல்லின் விளிம்பு அரை மில்லிமீட்டர்தான். அந்த விளிம்பு நுழைய கிரவுனுக்குள் அரை மில்லிமீட்டர் பள்ளம் வேண்டும். 1 மில்லிமீட்டர் பர் அதை எப்படி வெட்டும்? வெட்டாது. அதனால் மென்பொருள் அந்தப் பள்ளத்தைப் பர்ரின் அளவுக்கு அகலமாக்கிவிடுகிறது. இந்த ஈடுகட்டலை அணைத்துவிட்டால் பர் உள்ளே போகாது. மிச்சப் பொருள் அங்கேயே தங்கி, கிரவுன் உட்காராமல் உயர்ந்து நிற்கும். கூர்மையான உட்கோணங்கள் இல்லாமல், எல்லா விளிம்புகளையும் மழுங்கச் சீவ வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்வது ஏன் என்பதை இதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

மூன்றாவது கிரவுன்தான் மாணவர்களை அதிகம் குழப்பும். சீவலில் குறையே இல்லை, திரையில் மார்ஜின் கோடும் அழகாக ஓடுகிறது. ஆனாலும் பின்பக்கத்தில் எக்ஸ்ப்ளோரர் மாட்டுகிறது. இப்போதுதான் கணினியைத் திறந்து அசல் ஸ்கேனைக் காட்ட வேண்டும். தண்ணீர்த் துளி ஒளியைச் சிதறடித்த இடத்தில் ஸ்கேனருக்குக் கிடைத்தது அரைகுறைத் தகவல். ஓட்டையாக நின்ற இடத்தை மென்பொருள் வழுவழுப்பாக நிரப்பிவிட்டது. ‘அது நன்றாகத்தானே இருந்தது, மேடம்?’ என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்டவரையே அழைத்து, அந்த இடத்தைப் பெரிதாக்கி, எது ஸ்கேனர் பார்த்தது, எது மென்பொருள் ஊகித்தது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எவ்வளவு இடைவெளி வரை தாங்கும் என்ற கேள்வியும் இந்த வகுப்பிலேயே வரும். மெக்லீனும் ஃபான் ஃப்ரான்ஹோஃபரும் 1971-இல் சொன்ன 120 மைக்ரான்தான் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டும் எல்லை. வடிவமைப்பு மென்பொருளில் சிமென்ட் இடைவெளியாக நாம் கொடுப்பது வழக்கமாக 30 முதல் 80 மைக்ரானுக்குள் இருக்கும். இரண்டையும் ஒரே எண்ணாகக் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று நாம் கேட்பது. மற்றது வாயில் கடைசியாக மிஞ்சுவது.

மெழுகை நிறுத்திவிடாதீர்கள்

திரை வந்துவிட்டதே, முதலாண்டில் மெழுகுக் கட்டியில் பல் செதுக்குவது இனி எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் துறையிலேயே இருக்கிறார்கள். கீழ் முதல் கடைவாய்ப் பல்லுக்கு ஐந்து முகடுகள் என்று மனப்பாடம் செய்தவருக்கும், அந்த ஐந்தாவது முகடு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று விரலால் அறிந்தவருக்கும் உள்ள வேறுபாட்டை மென்பொருளின் பல் நூலகத்தைத் திறந்ததும் பார்க்கலாம். முதலாமவர் நூலகம் கொடுத்த பல்லை அப்படியே ஏற்றுக்கொள்வார்.

அதனால் இப்படிச் செய்யுங்கள்: 36-ஆம் பல்லை, அதாவது கீழ் இடது முதல் கடைவாய்ப் பல்லை, மெழுகில் செதுக்கிய பிறகே திரையில் வடிவமைக்க அனுமதியுங்கள். திரையில் முதல் பயிற்சி எதையும் உருவாக்குவதாக இருக்க வேண்டாம். நூலகம் தரும் பல்லில் மூன்று குறைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பல்லோடு தொடும் இடம் மிக மேலே இருக்கலாம். நாக்குப் பக்கம் உப்பியிருக்கலாம். எதிர்ப்பல்லின் தேய்மானத்துக்கும் இந்த இளம் முகடுகளுக்கும் பொருத்தமே இல்லாமல் இருக்கலாம். தேய்ந்த வாயில் புத்தம்புதுப் பல்லை வைப்பது மென்பொருளுக்கு மிகவும் பிடித்தமான காரியம்.

அளவைப் பற்றிய மயக்கத்தையும் இங்கேயே உடைக்க வேண்டும். திரையில் பல் ஒரு தர்ப்பூசணி அளவுக்குத் தெரியும். மாணவர்கள் அதில் பள்ளமும் மேடும் வரிவரியாகச் செதுக்குவார்கள். அவற்றில் பாதியை எந்தப் பர்ராலும் வெட்ட முடியாது. ஒவ்வொரு முறையும் மில்லிமீட்டரில் முதலில் ஊகம், அதன் பிறகே அளவுகோல் என்று ஒரு விதி வையுங்கள். ‘இந்தப் பள்ளத்தின் அகலம் எவ்வளவு?’ என்று கேட்டால் ‘ஒன்றரை மில்லிமீட்டர், மேடம்’ என்பார்கள். அளந்தால் 0.3 வரும்.

கடிவிசைத் தொடர்பைத் திரையின் நிறவரைபடத்தில் மட்டும் பார்த்து முடித்துவிடக் கூடாது. அதே கிரவுனை அச்சிட்ட மாடலில் பொருத்தி, கடித்தால் நிறம் பதியும் ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பரில் அடையாளம் எடுத்து, 8 மைக்ரான் தடிமனுள்ள ஷிம்ஸ்டாக் தாளை இழுத்துப் பார்க்கட்டும். திரையில் சிவப்பாக இருந்த இடமும் காகிதத்தில் பதிந்த இடமும் ஒன்றாக இல்லாவிட்டால், கடிநிலை ஸ்கேன் எப்படி எடுக்கப்பட்டது என்ற கேள்விக்கு வந்து சேர்வார்கள். ‘தட்டுகிறது டாக்டர்’ என்று நோயாளிகள் சொல்வதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

ஸ்கேனர்: கண் பார்ப்பதை மட்டுமே அதுவும் பார்க்கும்

சிலிக்கானில் அளவெடுக்கும்போது ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் பொருள் கொஞ்சமாவது பிதுங்கிப் போகும். ஒளி அப்படிப் போகாது. ஈறு மூடியிருக்கும் மார்ஜின் ஸ்கேனருக்கு இல்லாத மார்ஜின். அதனால் ஈறை விலக்கும் நூலான ரிட்ராக்‌ஷன் கார்டு வைக்கும் பயிற்சியை ஸ்கேன் வகுப்பின் உள்ளேயே கொண்டுவாருங்கள். தனித்தனியாக நடத்தினால் இரண்டையும் இணைத்துப் பார்க்கவே மாட்டார்கள்.

பாதையைப் பொறுத்தவரை தயாரிப்பாளர் சொல்வதைப் பின்பற்றுவது நல்லது. பொதுவாக ஒரு பக்கக் கடைவாயின் கடிபரப்பில் தொடங்கி மறுபக்கக் கடைவாய் வரை போய், நாக்குப் பக்கமாகத் திரும்பி, கன்னப் பக்கத்தில் முடிப்பார்கள். ஏன் இப்படி? ஸ்கேனர் ஒரே பார்வையில் முழுத் தாடையைப் பார்ப்பதில்லை. சின்னச் சின்னப் படங்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு சிறு பிழை. ஒரு பல்லுக்கு அது பெரிதாகத் தெரியாது. முழுத் தாடையைச் சுற்றி வரும்போது மறுமுனையில் சேர்ந்து நிற்கும்.

இதை வாயால் சொல்வதைவிடக் காட்டுவது எளிது. ஒரே மாடலை மூன்று மாணவர்கள் தனித்தனியே ஸ்கேன் செய்யட்டும். கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி, வேறுபாட்டை நிறவரைபடமாகக் காட்டுங்கள். எங்கே பச்சை, எங்கே சிவப்பு என்று பார்த்ததும் வகுப்பில் தானாகவே விவாதம் தொடங்கிவிடும். கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கமும் கீழ் முன்பற்களின் பகுதியும் அடிக்கடி மாட்டிக்கொள்ளும்.

இதே நேரத்தில் கோப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். பத்து நிமிடம் போதும். மெஷ்லேப் என்ற மென்பொருளில், ஸ்கேனர் தரும் எஸ்டிஎல் கோப்பு ஒன்றைத் திறந்து கம்பிவலையாகக் காட்டினால், பல் என்று நினைத்தது வெறும் முக்கோணங்களின் தொகுப்பு என்று தெரியும். மார்ஜின் பக்கம் முக்கோணங்கள் பெரிதாக இருந்தால் அங்கே நுணுக்கம் போய்விட்டது என்று பொருள். எஸ்டிஎல்லில் அளவு அலகு கிடையாது. மில்லிமீட்டரில் சேமித்ததை அங்குலமாகத் திறந்தால் 10 மில்லிமீட்டர் பல் 254 மில்லிமீட்டராக வந்து நிற்கும். பெரும்பாலும் நிறமும் இருக்காது. ஈறு எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்று நிறத்தால் பார்க்க வேண்டுமானால் பிஎல்ஒய் வடிவில் சேமிக்க வேண்டும்.

டைப்போடான்டுக்குப் பிறகு மாணவர்கள் ஒருவர் வாயை ஒருவர் ஸ்கேன் செய்ய வேண்டும். நோயாளியாகப் படுத்துப் பார்த்தவர்தான் ஸ்கேனரின் முனையை மேலண்ணத்தில் இடிக்காமல் பிடிப்பார். முனைகளை எத்தனை முறை ஆட்டோகிளேவ் செய்யலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஒரு நோட்டில் கணக்கு வைக்கும் பொறுப்பை மாணவர்களிடமே கொடுங்கள். நோயாளியின் பெயரைக் கோப்பின் பெயராக வைத்து வாட்ஸ்அப்பில் லேபுக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால் முதல் நாளே நிறுத்துங்கள். குறியீட்டு எண் போதும்.

வாயில் அச்செடுக்கும் பசையான ஆல்ஜினேட்டையும் கைவிட வேண்டாம். நம் மாணவர்களில் பலர் வேலைக்குச் சேரப்போகும் கிளினிக்கில் ஸ்கேனர் இருக்காது. கிராமத்து முகாமில் நிச்சயமாக இருக்காது. ஒரே வாயை ஆல்ஜினேட்டிலும் ஸ்கேனரிலும் எடுத்து ஒப்பிடச் சொன்னால் இரண்டின் பலவீனமும் ஒரே பிற்பகலில் புரிந்துவிடும்.

அச்சு இயந்திரம்

சிறிய எல்சிடி ரெசின் பிரிண்டர் ஒன்று இன்று நல்ல கைபேசியின் விலைக்கே கிடைக்கிறது. மில்லிங் மெஷினுக்குக் காத்திருக்காமல் இதை முதலில் வாங்குங்கள். மாடல், டை (சீவிய ஒற்றைப் பல்லின் அச்சு), தற்காலிகக் கிரவுனின் மாதிரி ஆகியவற்றை அச்சிட்டுப் பழக இது போதும். வாயில் வைக்கும் எதற்கும், அந்தப் பயன்பாட்டுக்கென்று அனுமதிபெற்ற ரெசினும் அதற்கேற்ற முறையும் வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரே டையைப் படுக்கையாகவும் நிமிர்த்தியும் சாய்த்தும் மூன்று விதமாக அச்சிட்டு, வெர்னியர் காலிப்பரில் அளக்கச் சொல்லுங்கள். அடுக்கின் தடிமன் 50 மைக்ரான், 100 மைக்ரான் என்று மாற்றியும் பார்க்கலாம். தாங்குகால்களை மார்ஜின்மேல் வைத்தவர், அவற்றை வெட்டும்போது மார்ஜினும் சேர்ந்து போவதைப் பார்த்தால் அடுத்த முறை தானே திருத்திக்கொள்வார். அச்சிட்டதைக் கழுவி, புற ஊதா ஒளியில் இறுகவைக்கும் வேலையைச் சோம்பலாகச் செய்தால் மாடல் பிசுபிசுப்பாகவே இருக்கும், வளையவும் செய்யும்.

பாதுகாப்பு பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும். நைட்ரைல் கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது. கழுவப் பயன்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். நம் ப்ரீகிளினிக்கல் லேபில் மேசைக்கு மேசை மெழுகு உருக்க பன்சன் பர்னர் எரிந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. இடமில்லை என்று நிர்வாகம் சொன்னால், இடம் கிடைக்கும் வரை பிரிண்டரைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். மிச்ச ரெசினை வாஷ்பேசினில் ஊற்றக் கூடாது. வெயிலில் வைத்து இறுக்கிய பிறகே அப்புறப்படுத்த வேண்டும். அதே வெயில் ஜன்னல் வழியாக ரெசின் தொட்டியின்மேல் விழாமல் திரை போடுங்கள். யுபிஎஸ் இல்லாமல் பிரிண்டரை ஓட்டாதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் அந்த அச்சு அவ்வளவுதான்.

சிர்கோனியாவைச் சுருங்கக் காட்டுங்கள்

லேபிலிருந்து சிர்கோனியா என்ற பீங்கான் வகையின் 98 மில்லிமீட்டர் வட்டு ஒன்றையும், அதிலிருந்து வெட்டி இன்னும் சூளையில் வைக்காத கிரவுன் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். சூடேற்றுவதற்கு முன் சாக்பீஸ் போல நகத்தால் சுரண்டினாலே தூள் வரும். மாணவர்கள் காலிப்பரில் அளந்து எழுதிக்கொள்ளட்டும். வட்டின் லேபிளில் பெருக்க எண் அச்சிடப்பட்டிருக்கும், அது 1.23 என்றால், 12.3 மில்லிமீட்டராக வெட்டியது சூளையிலிருந்து 10 மில்லிமீட்டராக வெளிவரும். கணக்கைப் போட்டு வைத்துவிட்டு, 1,500 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இறுகி வந்த அதே கிரவுனை மறுநாள் அளந்தால், வட்டுக்கு வட்டு அந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டியதன் அவசியம் தெரியும். வேறு வட்டின் எண்ணை உள்ளிட்டால் கிரவுன் சிறுத்தோ பெருத்தோ வரும், அதைச் சரிசெய்யவே முடியாது.

இழந்த பல்லின் இடத்தைப் பக்கத்துப் பற்களோடு இணைத்து நிரப்பும் பிரிட்ஜை வடிவமைக்கும்போது இணைப்புப் பகுதியைத்தான் மாணவர்கள் அழகுக்காக மெலியவைப்பார்கள். பின்பற்களில் மூன்று அலகு சிர்கோனியா பிரிட்ஜுக்கு 9 சதுர மில்லிமீட்டர் இணைப்பு வேண்டும் என்று பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் கேட்கின்றன. அதே பரப்பளவிலும் அகலத்தைவிட உயரம் முக்கியம்: செவ்வக உத்தரம் ஒன்றின் வலிமை அகலத்தோடு நேராகவும் உயரத்தின் வர்க்கத்தோடும் கூடும். அகலம் மாறாமல் உயரத்தை இரட்டிப்பாக்கினால் வலிமை நான்கு மடங்கு. பிளஸ் டூ இயற்பியலை மறந்துவிட்டோம் என்று முனகுவார்கள், முனகட்டும்.

டெக்னீஷியனை வகுப்புக்கு அழையுங்கள்

ஸ்கேனருக்குச் செலவழித்ததைவிட எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான், செலவும் இல்லை. லேப் டெக்னீஷியன் ஒருவரை மதிப்போடு அழைத்து, மாணவர்கள் அனுப்பிய ஸ்கேன்களைப் பெரிய திரையில் திறக்கச் சொல்லுங்கள். எங்களிடம் வரும் டெக்னீஷியன் அதிகம் பேசமாட்டார். கோப்பைத் திறந்து, சுட்டியை மார்ஜின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போவார். ஓரிடத்தில் நிறுத்தி, ‘டாக்டர், இந்த இடத்தில் கோட்டை நான் எங்கே போடட்டும்? நீங்களே சொல்லுங்கள்’ என்பார். அனுப்பிய மாணவர் எழுந்து வந்து போட முயல்வார். முடியாது. தினமும் எத்தனையோ மருத்துவர்களுக்காக அவர் ஊகித்துப் போடும் கோடு அது.

லேபுக்கு எழுதும் குறிப்புச் சீட்டையும் அவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ‘36 சிர்கோனியா, ஷேட் ஏ2’ என்று மட்டும் எழுதியவர்கள் தலைகுனிந்துகொள்வார்கள். மாணவர்கள் அவரை ‘சார்’ என்றே அழைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சிலர் அழைக்க மாட்டார்கள்.

வரலாறு கேட்டால் சுருக்கமாகச் சொல்லலாம். ஒளியால் பல்லை அளவெடுக்கும் எண்ணத்தை ஃபிரான்சுவா துரே 1973-இல் பிரான்சில் தன் ஆய்வேட்டில் எழுதினார். சூரிச்சில் மோர்மானும் பிராண்டெஸ்தினியும் 1985-இல் நாற்காலியோரமே ஒரு இன்லேயை (பல்லின் குழியில் பொருந்தும் அடைப்பை) உருவாக்கி நோயாளிக்கு வைத்தார்கள். அந்த முதல் இயந்திரத்தால் கடிபரப்பைச் செதுக்க முடியவில்லை. அதை மருத்துவர் வாயிலேயே கையால் தேய்த்து உருவாக்கினார்.

மதிப்பெண்

முடிந்த வடிவத்தின் அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள். அதில் பாதி மென்பொருளுக்குச் சேர வேண்டியது. என் முறை இது: மாணவர் தான் எடுத்த ஐந்து முடிவுகளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணத்தோடு எழுதித் தர வேண்டும். சிமென்ட் இடைவெளி ஏன் இவ்வளவு, இந்தப் பொருள் ஏன், தொடுமிடத்தை ஏன் நகர்த்தினார். வாய்மொழித் தேர்வில் பொருந்தாத கிரவுன் ஒன்றைக் கொடுத்து, எந்தக் கட்டத்தில் கெட்டது என்று கேட்பேன். ஒரே பதில் இருக்க வேண்டியதில்லை. எதைச் சோதித்தால் உறுதியாகும் என்று சொல்லத் தெரிந்தால் முழு மதிப்பெண்.

நண்பரின் கோப்பைப் பெயர் மாற்றிச் சமர்ப்பிப்பார்கள். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அவரவர் சீவிய பல்லுக்கே வடிவமைக்க வேண்டும் என்று விதித்துவிட்டு, சந்தேகம் வந்தால் இரண்டையும் கிளவுட்கம்பேரில் ஏற்றுங்கள். இரண்டு பேர் கையால் சீவிய பற்கள் முழுக்க முழுக்கப் பச்சையாக ஒத்துப்போகவே முடியாது.

வாங்குவதற்கு முன் இரண்டை எழுத்தில் கேளுங்கள். ஸ்கேனரிலிருந்து எஸ்டிஎல், பிஎல்ஒய் கோப்புகளைக் கட்டணமின்றி வெளியே எடுக்க முடியுமா? வடிவமைப்பு மென்பொருளின் உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதா, கல்லூரிகளுக்கென்று தனி விலை உண்டா? உரிமம் யுஎஸ்பி சாவியில் வருமானால், அது துறைத்தலைவரின் மேசை இழுப்பறையில் பூட்டப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் விடுப்பில் போகும் நாளில்தான் தேர்வு வைத்திருப்பீர்கள்.